வீட்டுக்காரர் பேரில் வந்த புயல்

குளத்தில் ஊறப்போட்ட தென்னை மட்டையைக் கரைக்கு இழுத்து, நடுவில் கிழித்து, கால் பெருவிரலால் ஒரு நுனியை அழுத்திக்கொண்டு, ஒரு ஓலையை மேலே விட்டு ஒரு ஓலையைக் கீழே விட்டு முடைந்துகொண்டே போனால் கை அது பாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும், அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வரும். மற்ற நேரத்தில் எங்கே, பாப்பா அழும், இல்லாவிட்டால் அத்தை கூப்பிடும், இல்லாவிட்டால் உலை பொங்கும். ஐப்பசி பிறப்பதற்குள் மாட்டுக்கொட்டகைக்குக் கீற்று மாற்றியாக வேண்டும். கொட்டகையில் மாடு இல்லை. இருந்தாலும் மாற்ற வேண்டும். ஏன் என்று எங்கள் தாழங்கொல்லையில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சொல்லத்தான் வேண்டும், எனக்கோ நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வராது, அதனால் ஓலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் கார்த்திகையில் வந்த புயலுக்கு என் வீட்டுக்காரர் பேரை வைத்துவிட்டார்கள். கடலைச் சுற்றி இருக்கிற நாடுகளெல்லாம் முறை போட்டுப் பேர் கொடுக்குமாம், அந்த முறை எந்த மகராசன் கொடுத்தானோ, அச்சு அசலாக அவர் பேர், ஒரு எழுத்து மாறவில்லை. எங்கள் பக்கத்தில் கட்டினவர் பேரைப் பொண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். படித்த பெண்கள் இப்போது சொல்கிறார்கள்தான், டவுனில் வாடா போடா என்றுகூடக் கூப்பிடுகிறார்களாம், நான் அஞ்சாவதோடு நின்றவள், ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூட அவரைப் பெற்ற அத்தைதான் சொல்லும், நான் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் வீட்டு டிவியில் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி, அவர் கோபமாக இருக்கிறார், அவர் வேகம் பிடிக்கிறார் என்று சொன்னால் எப்படி இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பட்டுரோஜா அக்காவுக்கு அது போதுமே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தும்.

"ஏ வேதவல்லி, ஒன் புருசன் நாகப்பட்டினத்துக்குக் கெழக்க நடுக்கடல்ல நிக்கிறானாம்டி!"

"சும்மா இரேன்க்கா."

"ரொம்ப மெதுவாத்தான் வர்றானாம். நம்ம ஊரு டவுன் பஸ்ஸே தேவலாம். எலையப் போட்டு வையி, கரையக் கடந்தா பசியோட வருவான்."

என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில்தான் இருந்தார், கூரைக்கு மேலே ஏறி உட்கார்ந்து கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், அங்கிருந்தே சிரித்தார். வயிற்றில் பாப்பா ஏழாம் மாதம். அதுதான் அவர் நன்றாகச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது.

புயலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, எல்லா ஊரிலும் அடித்த மாதிரிதான் எங்கள் ஊரிலும் அடித்தது, கூரை போனது, கரண்டு போனது, கடல் வயலுக்குள் வந்து உப்பை வைத்துவிட்டுப் போனது, அவர் சின்னப்பிள்ளையில் அவர் அப்பாவோடு சேர்ந்து வைத்த தென்னைகள் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்துக்கொண்டன, கொட்டகை சரிந்து எங்கள் சிவப்பி மாடு செத்துப்போனது. விடிந்ததும் சிவப்பியை இழுத்துப் புதைக்கக் கொட்டகைக்குப் போனோம். கட்டுத்தறிக்குப் பக்கத்தில் புயலின் குட்டி ஒன்று படுத்துக்கிடந்தது.

ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும். சாம்பல் நிறம். உடம்பு பூராவும் சுழன்றுகொண்டே இருந்தது, இடப்பக்கமாகத்தான் சுழலும், நடுவில் ஒரே ஒரு கண், அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் காற்றே இல்லை, ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் ஆடாமல் நிற்கும். அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "தாய் அவசரத்துல வுட்டுட்டுப் போயிட்டுது" என்றது. அவ்வளவுதான். பிறகு சிவப்பிக்குக் குழி வெட்டப் போய்விட்டோம்.

வழிதவறி வந்த மாட்டை உடையவன் தேடி வரும்வரை கட்டி வைத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம், குட்டிக்கும் அதையே செய்தார்கள். மாடு வாங்குவதற்கு முன் சுழி பார்த்துச் சொல்லும் தரகர் வைரக்கண்ணுவைக் கூட்டிவந்து, குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா பார் என்றார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்தார், தலையைச் சொறிந்தார், "நெத்திச்சுழி, மத்தகச்சுழின்னா பலன் சொல்லலாம், இதுக்கு ஒடம்பே சுழியால்ல இருக்கு, எதப் பாத்துச் சொல்றது" என்று வெற்றிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வைக்கோல் தின்னவில்லை. தவிடு தின்னவில்லை. நான் கஞ்சிப்பானையைத் திறந்தபோது எட்டி வந்து ஆவியை மட்டும் உறிஞ்சிக் குடித்துவிட்டு என் காலடியில் படுத்துக்கொண்டது. சூடான தண்ணீரில் இருந்து எழும்புகிற ஆவிதான் அதற்குச் சாப்பாடு என்று அப்படித்தான் தெரிந்தது. வெறும் தண்ணீர் ஆவியும் குடிக்கும், ஆனால் சோற்றுக்கஞ்சி ஆவி என்றால் உயிர்.

செல்லம் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், கருப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், திரும்பவில்லை. பட்டுரோஜா அக்காதான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. உடனே துள்ளிக்கொண்டு வந்து அக்கா சேலையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டது. பெற்ற தாய் பேர்தானே பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் எல்லாம் என் வீட்டு வாசலில் நின்று, என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, "வாடா, கஞ்சி குடிக்க வாடா" என்று கூப்பிடுவார்கள். நான் மட்டும், "ஏங்க, இந்தாங்க, கஞ்சி" என்பேன். திரும்பியே பார்க்காது. நான்தான் பானையை அதனிடம் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

அவர் மாசியில் புறப்பட்டுவிட்டார். பாப்பா பிறந்து முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட கையோடு. விழுந்த தென்னையை நிமிர்த்த முடியாது, உப்பு வைத்த வயலில் ரெண்டு மழை பெய்யாமல் ஒன்றும் முளைக்காது, கேரளாவில் கட்டட வேலை இருக்கிறது என்று கிளம்பிய கூட்டத்தோடு அவரும் பையைத் தூக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், அனுப்புகிறவர்களும் போ என்று சொல்லமாட்டார்கள், அது பாடைக்குச் சொல்கிற சொல்.

"போயிட்டு வர்றேன்" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

ஆனி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். ஆடியிலிருந்து வரவில்லை. நாம் அடித்தால் ஒரு பொம்பளைக் குரல் அந்த ஊர்ப் பாஷையில் என்னமோ சொல்லும். அத்தை போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "யாருடி இவ, திருப்பித் திருப்பி ஒன்னையே சொல்றா" என்றது. கூடப் போன ஆள்கள் திரும்பி வந்தார்கள், வேறு ஊரில் வேலை என்று தனியாகப் போனானே, அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவரைப் பற்றி ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நிவாரணமும் வரவில்லை. மற்ற ஊர்களுக்குத் தார்ப்பாயும் அரிசியும் வந்தன. எங்கள் ஊருக்குப் பார்வையிட வந்த அதிகாரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "புயல் கடந்த பெறகுதாம்மா நிவாரணம். ஒங்க ஊர்ல இன்னும் கடக்கலையே, இங்கதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஆண்கள் குட்டியை அடித்து விரட்டக் கம்பு எடுத்தார்கள், கம்பெல்லாம் அவர்கள் கையிலிருந்து பறந்து குளத்தில் விழுந்தன. பிறகு அவர்களும் ஒவ்வொருத்தராக வேலை தேடிப் போய்விட்டார்கள், ஊரில் பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் குட்டியும்தான்.

குட்டியை வளர்த்தோம் என்று சொன்னால் நல்லாத்தான் இருக்கும். வளர்க்கிறவளுக்குத்தான் தெரியும். ஏற்கெனவே நல்ல தண்ணிக்குப் பக்கத்து ஊர் வரைக்கும் குடம் தூக்க வேண்டும், உப்பில்லாத மேட்டில் கீரை போட வேண்டும், பாப்பாவுக்குப் பால் கொடுக்க வேண்டும், இதில் இன்னொரு அடுப்பு, இன்னொரு பானை, அதற்கு விறகு. வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள், முறை தவறினால் அது இளைத்து, எலும்பு இல்லாத உடம்பிலும் எலும்பு தெரிகிற மாதிரி ஆகி, என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அதுவும் சும்மா தின்னவில்லை. கருவாடு காயவைத்தால் காற்று வீசிக் காயவைக்கும், முறத்தை நீட்டினால் உமியை ஊதித் தள்ளும், பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டு நான் தண்ணிக்குப் போனால் தூளியை அதுவே ஆட்டும். சில நாள் மதியத்தில் அதன் கண்ணுக்குப் பக்கத்தில், காற்றில்லாத அந்த இடத்தில், நானும் பாப்பாவும் படுத்துவிடுவோம். அந்த வருசம் நான் தூங்கிய தூக்கமெல்லாம் அங்கே தூங்கியதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். கடலில் எங்கேயாவது மழை கட்டினால் டிவிக்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடும். எழுந்து நிற்கும், கிழக்கே பார்க்கும், கன்று மாதிரி மெல்லக் கத்தும். அது கத்தினால் பட்டுரோஜா அக்கா தெருவில் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடும், உடனே அரிசியும் விதைநெல்லும் டிரம்மில் போட்டு வாயை மெழுகால் அடைத்து மேட்டில் புதைப்போம், ஆடுகளை அவிழ்த்துவிடுவோம், குடிதண்ணியைப் பிடித்து வைப்போம், பிள்ளைத்தாச்சிகளைப் பள்ளிக்கூட மாடியில் ஏற்றுவோம். பாதி தடவை ஒன்றுமே வராது. தோண்டி எடுத்துக் கழுவிக் காயவைப்போம். இடுப்பு விட்டுப்போகும்.

இதைக் கேள்விப்பட்டு டவுனிலிருந்து ஒரு மேடம் வந்தது, நல்ல மாதிரி, எங்களோடு தரையிலேயே உட்கார்ந்தது, "ஒங்களுக்கெல்லாம் தாங்குற சக்தி ரொம்ப அதிகம்" என்றது.

"தாங்குறதுக்கு நாங்க என்ன வாழைக்கு முட்டுக் குடுத்த கழியா மேடம்?" என்றது பட்டுரோஜா அக்கா. "வாழத்தார வெட்டுனதும் கழியப் புடுங்கி அடுப்புல வச்சிருவாங்க, தெரியும்ல?"

மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த டிரம்மின் வாயைத் தடவிப் பார்த்தது. பிறகு டிரம்முக்கு வாய் அடைக்க மெழுகைவிட நல்லதாக ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்றது. சொன்ன மாதிரியே வாங்கிக் கொடுத்தது.

போன கார்த்திகையில் புதுப் புயல் ஒன்று வந்தது. அதற்கு என்னமோ வாயில் நுழையாத பேர். அது கரைக்கு வரவும் இல்லை, போகவும் இல்லை. எங்கள் ஊருக்கு நேரே கடலில் வந்து நின்றுகொண்டது. நகராமல் நிலைகொண்டிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள், ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடைத்த பட்டிக்கு வெளியே மாடு நின்று கத்துமே, அந்தக் கத்தல். எந்தப் பேரில் வந்தால் என்ன, தாய் தாய்தானே. அது கத்தக் கத்த மழை கொட்டியது, கத்தக் கத்தக் கடல் ஏறியது, ஒவ்வொரு கத்தலுக்கும் என் ரவிக்கை பாலில் நனைந்தது.

"கன்னு இல்லாம அது போவாது" என்றது அத்தை.

டிரம்மெல்லாம் புதைத்தாகிவிட்டது, ஆடுகள் மேட்டில், பிள்ளைத்தாச்சிகள் மாடியில். ஆனால் மாடிக்கும் ஒரு அளவு உண்டே. தண்ணீர் பள்ளிக்கூடத்தின் முதல் படி, ரெண்டாம் படி என்று ஏறிக்கொண்டிருந்தது. குட்டியோ பயந்துபோய்க் கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வந்து, பாப்பா தூங்குகிற தூளிக்குக் கீழே சுருண்டுவிட்டது. அது இப்போது குட்டியா, கிடாரி அளவு. அதன் கண் சரியாகத் தூளிக்கு நேர் கீழே இருந்தது, அதனால் தூளி ஆடவில்லை, பாப்பா விழிக்கவில்லை, ஆனால் அதைச் சுற்றிச் சுவரெல்லாம் நடுங்கியது, கிட்டப் போனால் தள்ளிவிட்டது, என்னால் பாப்பாவை எடுக்க முடியவில்லை. கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

முழங்காலளவு தண்ணியில் பெண்கள் எல்லாம் வாசலில் வந்து நின்று அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பேரைச் சொன்னால் வா என்று அர்த்தம் என்றுதான் அதற்குத் தெரியும், கஞ்சிக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இன்னும் உள்ளே ஒடுங்கியது. போ, போ என்று கத்தினார்கள். அந்தச் சொல்லை அது கேட்டதே இல்லை.

பட்டுரோஜா அக்கா என் தோளைப் பிடித்தது. அன்றைக்கு அது கிண்டல் பண்ணவில்லை.

"எங்க கொரலெல்லாம் கஞ்சிக் கொரலுடி. நீதான் அதுக்கு மடி குடுத்தவ. ஒரு நாளும் நீ பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. நீ சொன்னா கேக்கும். பேரச் சொல்லி, போன்னு சொல்லு."

"அக்கா, என்னால முடியாதுக்கா."

"புள்ள உள்ள கெடக்குதுடி."

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் அத்தை பெற்ற பிள்ளை. போன் வராத பிள்ளை. அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி, கட்டினவள் வாயால், பாடைக்குச் சொல்கிற சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். அத்தை சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. தலைக்கு மேலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது.

"சொல்லுடி" என்றது. "நான் கேக்கல. சொல்லு."

நான் தூளியைப் பார்த்தேன். துணிக்கு வெளியே பாப்பாவின் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது, வெள்ளிக்கொலுசு போட்ட கால். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை திறந்தேன்.

"இனியா!"

மழை நின்ற மாதிரி இருந்தது எனக்கு. அது கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தது. அந்தப் பேர் என் வாயில் இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பல்லில் பட்டு நாக்கில் உருண்டு, பச்சரிசி மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

"இனியா, ஒன்னப் பெத்தவ நிக்கிறா. எழுந்திரி சாமி. எழுந்திரிச்சி..."

எழுந்தது. தூளியை விட்டு விலகியது. வாசல் பக்கம் நகர்ந்து, படியில் நின்று, ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தது. போ என்று சொல்லத்தான் வாயைக் குவித்தேன், பட்டுரோஜா அக்காவும் ஊரும் கடவுளும் சாட்சி, போ என்றுதான் ஆரம்பித்தேன். வாசப்படியில் நின்று திரும்பிப் பார்க்கிற ஒருத்தரிடம் என்ன சொல்வது என்று சின்ன வயசிலிருந்து வாய்க்குப் பழக்கமாகிவிட்டதே.

"போயிட்டு வா" என்றேன்.

அது போனது. தண்ணீருக்கு மேலே நடந்து, தாழம்புதருக்கு மேலே ஏறி, கடலுக்குள் போனது. கத்தல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே வெளுத்தது. நான் பாப்பாவை எடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ரேடியோவில், வலுவிழந்துவிட்டது என்றார்கள். பட்டுரோஜா அக்கா, "பொண்டாட்டி அதட்டுனா எந்த ஆம்பளதான் வலுவோட இருப்பான்" என்று சொன்னதும், பள்ளிக்கூட மாடியில் பிள்ளைத்தாச்சிகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் சிரிக்கவில்லை. சேறு அள்ளும்போது ஒருத்தி ஆரம்பித்தாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "ஒத்தச் சொல்லோட நிறுத்தச் சொன்னா, வான்னும் சேத்துச் சொல்லிட்டாளே, இனிமே வருசா வருசம்ல வரும்." நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தைதான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தது.

"எம்மவன் பேரச் சொல்லி வெறும் போன்னு எவளால சொல்ல முடியும், சொல்லுங்கடி பாப்போம். வந்தா வரட்டும். வர்றதுக்கு முன்னால நாம தயாரா இருந்துட்டுப் போறோம்."

அதோடு பேச்சு முடிந்தது. வருவது உறுதி என்று ஆனபிறகு, பயப்படுவதற்கு நேரம் இல்லை, வேலைதான் இருக்கிறது. சித்திரையில் டிரம்மை எல்லாம் கழுவினோம், வைகாசியில் மேட்டை இன்னும் உயர்த்தினோம், மேடம் சொன்ன உப்புத் தாங்கும் நெல்லை முதல் மழைக்கு விதைத்துப் பார்த்தோம், பாதி வந்தது, பள்ளிக்கூட மாடிக்கு இன்னொரு படிக்கட்டு வேண்டும் என்று கிராமசபையில் நான் எழுந்து நின்று, தூணைப் பார்க்காமல், கேட்டேன். விருந்தாளி வருகிற வீட்டைப் போல ஊரே வருசம் முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. அத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறது. நான் உலை வைக்கும்போது ஒரு கை அரிசி கூடப் போடுகிறேன், யாருக்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பேரை மெதுவாகச் சொல்லியும் பார்க்கிறேன். சொன்னதால் ஆயுசு குறைந்ததா என்று தெரியவில்லை. வா என்று ஒரு சொல் சேர்த்துத்தானே சொன்னேன், அது கடலுக்கு மட்டும்தான் கேட்டிருக்குமா, கேரளா வரைக்கும் கேட்டிருக்காதா.

இன்னும் ரெண்டு மட்டை முடைந்தால் கொட்டகைக்குப் போதும். காலையிலிருந்து குளத்துத் தண்ணி இடப்பக்கமாகச் சுழிக்கிற மாதிரி இருக்கிறது, மீன் துள்ளுவதாகவும் இருக்கலாம். கொஞ்சம் முன்னால் மதிய பஸ்ஸும் வந்து நின்ற சத்தம் கேட்டது, அது தினமும் வருகிறதுதான். என் கையில் இருக்கிற ஓலையின் நுனி ஏனோ தானாக

"ஏ வேதா! ஏ வேதவல்லி! ஓடியாடி, இனியன் வந்துட்டான்டி!"

பட்டுரோஜா அக்கா குரல். தெருமுனையில் இருந்து. தகரத்தைத் தட்டவில்லை. சிரிக்கிறதா அழுகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை, எந்த இனியன் என்று கேட்டால் அக்கா காதில் விழாது. இருங்கள், இந்த ஓலையை மட்டும் செருகிவிட்டு, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அத்தையை அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், யாராக இருந்தாலும் அவ்வளவு தூரம் வந்த களைப்புக்கு முதலில் கேட்பது சூடாகக் கஞ்சிதான், அதனால் நான் போயிட்டு